பதினோராம் பொருத்தம்

என் காதுகளைப் பற்றி எனக்கு எப்போதும் கொஞ்சம் கர்வம் உண்டு. மாநில இதய ஒலிப் பதிவகத்தில் பன்னிரண்டு வருடமாக நான் தணிக்கையாளன். பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொருவரின் இதயத்தையும் மூன்று நிமிடம் பதிவு செய்து, வருடா வருடம் புதுப்பித்து வைப்பது எங்கள் வேலை. கணினி கேட்டுத் தீர்ப்புச் சொல்லும். கணினி குழம்பினால் நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்பேன். 'வேதாசலத்தின் காது பொய் சொல்லாது' என்று ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்பது வேறு விஷயம்.

மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை எங்கள் இயக்குநர் டாக்டர் மெஹருன்னிசா கூப்பிட்டு அனுப்பினார். போனதும் ஹெட்போனை என் பக்கம் தள்ளினார்.

"கோவில்பட்டிப் பக்கம் வெள்ளைப்பாறைப்பட்டின்னு ஒரு ஊர். அங்க இருக்கற ஆரம்ப சுகாதார நிலையத்துல இந்த வருஷம் புதுப்பிச்சதுல நாற்பத்து மூணு பேருக்கு ஒரே மாதிரி கோளாறு. எல்லாம் பொண்ணுங்க. முப்பத்து மூணு வயசுக்கு மேல ஒருத்தரும் இல்ல. கேட்டுப் பாருங்க."

நான்கைந்து பதிவுகளைக் கேட்டேன். கரகரவென்று ஒரு சத்தம், ரம்பம் மரத்தில் இழுபடுவதுபோல.

"அயோர்ட்டிக் வால்வு மேடம். இதயத்தோட வெளிவாசல் கதவு. சுண்ணாம்பு படிஞ்சு இறுகியிருக்கு, ரத்தம் இடுக்குல பிதுங்கிப் போகுது."

"அது எனக்கும் தெரியுது. அறுபது, எழுபது வயசுல வர்றது இருபத்தஞ்சு வயசுல எப்படி வரும்? அதுவும் கூட்டமா?"

"தண்ணியா இருக்குமோ?" என்றேன். முதலில் அதைச் சொன்னவன் நான்தான். இதை இங்கே எழுதி வைப்பது நல்லது.

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. தண்ணி சாம்பிள் எடுக்க ஆள் போயாச்சு. நீங்க நேர்ல போய் விசாரிச்சு வெள்ளிக்கிழமைக்குள்ள அறிக்கை குடுங்க. பேர் எல்லாம் முத்திரையில இருக்கு, எண் மட்டும்தான் உங்களுக்கு. அந்தப் பொண்ணுங்களுக்கும் இன்னும் தகவல் போகல, ஊர் பயந்துடும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது உங்க மாமனார் ஊர்ப் பக்கம்தானே?" என்றார்.

"ஆறு கிலோமீட்டர் மேடம்."

"அப்ப பாஷை புரியும். போய்ட்டு வாங்க."

பொண்ணுங்க பதிவில் கோளாறு என்றாலே எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பயப்படுவார்கள். காரணம் பதினோராம் பொருத்தம். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்த பிறகு இப்போது இதயப் பதிவையும் கேட்கிறார்கள். நாங்கள் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க ஆரம்பித்த காரியம், பெண் பார்க்கப் போகும் வீட்டில் சொஜ்ஜி பஜ்ஜிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மைட்ரல் வால்வு என்று இதயத்துக்குள்ளே ஒரு கதவு. சிலருக்கு அது மூடும்போது பின்பக்கமாகக் கொஞ்சம் புடைக்கும், 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு உண்டு. பெரும்பாலானவர்களுக்கு ஆயுசு முழுக்க ஒன்றும் ஆகாது, எப்போதாவது படபடப்பு வரும், அவ்வளவுதான். மிகச் சிலருக்கு மட்டும் கதவு ஒழுக ஆரம்பிக்கும். அதைக் கவனித்து நேரத்தோடு தைத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம். இதை எத்தனையோ மேடையில் சொல்லிப் பார்த்தாயிற்று. யார் காதிலும் ஏறவில்லை. 'டிக்குப் பொண்ணு' என்று பெயர் வைத்தார்கள். மாப்பிள்ளையின் பதிவை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஊரைச் சொல்லிவிட்டு நான் மட்டும் தப்பித்துக்கொள்ளக் கூடாது. எனக்கும் பெண் பார்த்தார்கள். விழுப்புரத்தில் ஒரு பெண், நன்றாகப் படித்தவள், சிரித்த முகம். பதிவைக் கேட்டேன், டிக். இலையில் பாதி பஜ்ஜி இருக்கும்போதே எழுந்துவிட்டேன். அடுத்து ஆம்பூரில் ஒன்று, அதுவும் அப்படியே. மூன்றாவதாகத்தான் செண்பகவல்லி. அவளுடைய பதிவில் சுத்தமான லப், சுத்தமான டப். அந்த டப்பின் வாலில் மட்டும் ஒரு சின்ன இழுப்பு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருகிறவர் ஒரு நொடி தயங்குவதுபோல. அது கோளாறு இல்லை, அழகு. அன்றே சம்மதம் சொன்னேன். அந்த மூன்று நிமிடத்தைப் போனில் ஏற்றி 'செண்பகம்' என்று பெயர் வைத்தேன். ஏழு வருடமாக வெளியூர் போனால் அதைக் கேட்டுவிட்டுத்தான் படுப்பேன்.

அன்று சாயங்காலம் புரசைவாக்கத்தில் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் வழக்கம்போல் படுத்துவிட்டது. நாலாம் மாடி. காய்கறிப் பையோடு செண்பகம் எனக்கு முன்னால் ஏறிக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்ன, மலையேறிட்டு வர்ற மாதிரி மூச்சு வாங்குது? வெயிட்டைக் குறைன்னா கேக்கறியா?"

"குறைக்கிறேன்" என்று சிரித்தாள். பையை நான் வாங்கிக்கொண்டேனா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். வாங்கிக்கொள்ளவில்லை.

சாப்பிடும்போது ஆபீஸ் கதை சொல்வது என் பழக்கம். வெள்ளைப்பாறைப்பட்டி என்றதும் அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீங்களேவா போறீங்க? வேற ஆளே இல்லையா?"

"ஏன், மாமனார் ஊர்ப் பக்கம் போனா உனக்குச் சந்தோஷம் இல்லையா?"

"அதுக்கில்ல." தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஊருக்கே வந்துட்டா பழைய பதிவு எல்லாம் ரத்து ஆயிடும்னு ஒருநாள் சொன்னீங்கல்ல?"

என் மனைவிக்கு என் வேலையில் இவ்வளவு அக்கறையா என்று எனக்குக் குளிர்ந்துவிட்டது. "ஆமா. ஒரே வட்டாரத்துல நாற்பது பேருக்கு மேல ஒரே மாதிரி மாறினா அது பொதுப் பாதிப்பு. பழைய பதிவைத் தூக்கிட்டு எல்லாருக்கும் எக்கோ ஸ்கேன் எடுத்து, புதுசா எழுதணும். அதுல எந்தக் கோளாறு தெரிஞ்சாலும் 'பிறவி'ன்னு போடக் கூடாது, 'சூழல்'னுதான் போடணும். அந்த விதியை எழுதின கமிட்டியில நானும் இருந்தேனே."

"இருந்தீங்கன்னு தெரியும்" என்றாள். பிறகு எனக்கு இன்னொரு கரண்டி ரசம் விட்டாள்.

செவ்வாய் இரவு ரயில் ஏறி, புதன் காலை கோவில்பட்டியில் இறங்கி வெள்ளைப்பாறைப்பட்டிக்குப் பஸ் ஏறினேன். ஓட்டுநர் இல்லாத பஸ், அதனால் பேச்சுத் துணையும் இல்லை. இரண்டு பக்கமும் கரிசல் காடு, உளுந்து எடுத்த மொட்டை நிலம். நாற்பத்து மூன்று பேருடைய பழைய வருடப் பதிவுகளை இன்னும் கேட்கவில்லையே என்று முதல் எண்ணைத் திறந்தேன்.

லப், டப். டப்பின் வாலில் ஒரு சின்ன இழுப்பு.

கை தவறி என் சொந்தக் கோப்பைத் திறந்துவிட்டேன் என்று நினைத்து, திரையைப் பார்த்தேன். இல்லை, முதல் எண்தான். இரண்டாவதைத் திறந்தேன். அதே தயக்கம். ஏழாவது, பத்தொன்பதாவது, முப்பதாவது, எல்லாம் அதேதான். என் செண்பகத்தின் இதயம் நாற்பத்து மூன்று பெண்களுக்குள் துடித்துக்கொண்டிருந்தது. ஒருவர் இதயத்தை இன்னொருவர் இதயத்தோடு ஒப்பிடக் கூடாது என்று சட்டம். கணினி ஒவ்வொருவரையும் அவரவர் பழைய பதிவோடு மட்டும்தான் ஒப்பிடும். அதனால் அது கண்டுபிடிக்க வழியே இல்லை. நான் ஹெட்போனைக் கழற்றினேன். என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிய ஆரம்பித்தது, புரியக் கூடாது என்றும் இருந்தது.

சுகாதார நிலையத்து வாசலில் வேப்பமரத்தடியில் நாற்பது ஐம்பது பேர். தண்ணீர் சாம்பிள் எடுக்க வந்தவர்களைப் பார்த்தே ஊர் பாதியைக் கண்டுபிடித்து, மீதியைக் கட்டிவிட்டிருந்தது. அடையாள அட்டையைப் பார்த்ததும் ஓர் அம்மாள் பிளாஸ்டிக் பாட்டிலை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"சார், நான் பேச்சித்தாய். எங்க மருமக வந்தப்ப தங்கமா இருந்தா சார். இந்தா, மேலத்தெரு போர் தண்ணி. இதக் குடிச்சித்தான் பிள்ளைக்கு நெஞ்சு கெட்டுப் போச்சுன்னு சொல்லுதாக. அவள ஒரு துரும்பு எடுத்துப் போட விடல நான். கவர்மெண்டு எங்களுக்கு என்ன பதில் சொல்லப் போவுது?"

பக்கத்தில் அந்த மருமகள் நின்றாள். மாமியார் அவள் தலைக்குத் தன் முந்தானையால் வெயில் மறைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே செவிலியர் ஜெபமணி இருந்தார். ஐம்பத்தேழு வயது, ஒல்லி, வெள்ளைப் புடவை. செண்பகம் வாய்க்கு வாய் சொல்லும் 'ஜெபமணி சிஸ்டர்' இவர்தான். நான் அதுவரை பார்த்ததில்லை. செண்பகம் தன் பதிவை வருடா வருடம் பொங்கலுக்குத் தாய்வீடு வரும்போது இவரிடம்தான் புதுப்பிப்பாள். சென்னையில் முக்குக்கு முக்கு மையம் இருக்கிறதே என்றால், "எங்க ஊரு சிஸ்டர் கைதான் ராசி" என்பாள். அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன்!

"வாங்க சார். தண்ணி குடிக்கீகளா?"

டம்ளரில் கொடுத்தார். குடித்தேன். இளநீர்போல் தித்தித்தது.

"மேலத்தெரு போர் தண்ணிதான்" என்றார்.

பதிவு எடுக்கும் இடத்தைக் காட்டச் சொன்னேன். ஒரு பச்சைத் திரை. உள்ளே ஒரு கட்டில், ஒரு ஸ்டூல். பெண் கட்டிலில் படுத்துக் கருவியில் விரலை வைப்பாள், ஆள் அவள்தான் என்று கருவி தெரிந்துகொள்ளும். நெஞ்சில் ஒட்டும் வில்லையைப் பிடிப்பது செவிலியர். திரைக்குள் மூன்றாவது ஆள் வரக் கூடாது என்பதும் எங்கள் விதிதான்.

"சிஸ்டர், அந்த வில்லையை யார் நெஞ்சுல வெச்சீங்க?"

ஜெபமணி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். நாலு எட்டுத்தான். அதற்கே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எப்படியும் நீங்கதான் வருவீகன்னு அவ சொன்னா, மாப்ள" என்றார்.

அந்த 'மாப்ள'யில் மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது.

"நீங்க செஞ்சது குற்றம், தெரியுமா? ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு வருஷம்னா நீங்க ஆயுசுக்கும் வெளிய வர முடியாது."

"தெரியும். மொதல் வருஷம் நான் ஒழுங்காத்தான் பதிஞ்சேன். அனுசுயான்னு ஒரு பிள்ள. பத்திரிக அடிச்சி, பந்தக்காலும் ஊனியாச்சு. அப்ப என் பதிவுல டிக்கு வந்திட்டு. கல்யாணம் நின்னு போச்சு. மூணாம் நாளு பிள்ள இல்ல." அவர் அழவில்லை. பலமுறை சொல்லித் தேய்ந்துபோன குரல். "அவளுக்கு ஒண்ணுமே இல்ல மாப்ள. தொண்ணூறு வயசு வர இருந்திருப்பா. அந்த டிக்கு அவளக் கொன்னிருக்காது, என் பதிவுதான் கொன்னுச்சு. அடுத்து ஒரு பிள்ளைக்கு டிக்கு கேட்டுச்சு. வில்லைய எடுத்து என் நெஞ்சுல வச்சிக்கிட்டேன்."

"உண்மையான நிலவரம்?"

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பக்கம். பழைய ஸ்டெதஸ்கோப்பால் கேட்டு, தேதி போட்டு எழுதியிருந்தார். படபடப்பு உண்டா, மயக்கம் உண்டா, படியேறினால் மூச்சு வாங்குகிறதா, காபியைக் குறைக்கச் சொன்னது, பல் பிடுங்கும் முன் டாக்டரிடம் சொல்லச் சொன்னது, பிரசவத்துக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. எங்கள் பதிவகத்தில் இவ்வளவு ஒழுங்கான குறிப்புகளை நான் பார்த்ததில்லை.

"நாப்பத்தி ரெண்டு பேருக்கு வெறும் டிக்குத்தான். பயமே இல்ல. ஒருத்திக்கு மட்டும் மூணு வருஷமா ஒழுக்குக் கூடிக்கிட்டே வருது. இந்தப் பொங்கலுக்குக் கேட்டேன், நெஞ்சு முழுக்க ஊத்துது. அறுவை பண்ணித் தச்சிரணும், இந்த வருஷமே. தள்ளிப் போட்டா இதயம் வீங்கிரும். பிள்ள உண்டானா ரெண்டு உசுருக்கும் ஆவத்து."

அவர் பக்கத்தைத் திறந்து காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றாவது மாடித் திருப்பம் கண் முன்னால் வந்து நின்றது. குழந்தைப் பேச்செடுத்தால் 'இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்' என்று அவள் நழுவியது, இடது பக்கம் தலை சாய்க்கப் போனால் கூசுகிறது என்று தள்ளிவிட்டது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். "நான் என்ன ராட்சசனா?"

"கெட்டவன்னா ஏசிப்போட்டு வந்திருப்பா. நீங்க நல்லாத்தான் வச்சிருக்கீக. ஆனா அந்தச் சத்தத்தப் போன்ல வச்சிருக்கீகளாம்லா. ஊருக்குப் போனா அதக் கேட்டுட்டுத்தான் உறங்குவீகளாம். 'அது நான் இல்லன்னு எந்த வாயால சிஸ்டர் சொல்ல'ன்னு இந்தக் கட்டில்ல உக்காந்துதான் அழுதா."

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். "உண்மையை எழுதியிருந்தா மூணு வருஷத்துக்கு முன்னாலயே அவளுக்கு வைத்தியம் ஆகியிருக்கும்!"

"உண்மைய எழுதியிருந்தா நீங்க பஜ்ஜிய வச்சிட்டு எந்திரிச்சிருப்பீக."

விழுப்புரத்துக் கதை இவருக்குத் தெரிந்திருந்தது. அதைப் பெருமையாக நானேதான் ஒருநாள் செண்பகத்திடம் சொல்லியிருந்தேன்.

ஜெபமணி தன் ஸ்டெதஸ்கோப்பை எடுத்து என் காதில் மாட்டி, வட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டார். கரகரவென்று அந்த ரம்பம். நாற்பத்து மூன்று இளம்பெண்களைத் தாக்கிய அறுபது வயது நோய்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வருஷமா லேசா இருந்திச்சு. தீவாளி கழிஞ்சு கூடிருச்சு. ரெண்டு வாட்டி மயங்கி விழுந்திட்டேன்."

"போன வருஷப் பதிவு சுத்தமா இருக்கே?"

"போன வருஷம் பழைய பதிவத்தான் திருப்பிப் போட்டேன். இந்த வருஷமும் அப்படிச் செஞ்சிருக்கலாம்." என் முகத்தை நேராகப் பார்த்தார். "வேணும்னுதான் மாப்ள இதப் பதிஞ்சேன். வார மாசம் எனக்கு ரிட்டயர்மெண்டு. புதுசா வாரவ உள்ளதப் பதிவா. அப்ப ஒவ்வொருத்தியும் தனித்தனியா மாட்டுவா. பொய்ப் பதிவு காட்டிக் கட்டிக்கிட்டான்னு வீட்ட விட்டு அனுப்புவாக. ஒருத்திக்குக் கொறைன்னா அவளத்தான் ஏசுவாக. ஊருக்கே வந்திச்சுன்னா தண்ணிய ஏசுவாக. வெளிய பாத்தீகள்லா?"

பேச்சித்தாயின் முந்தானை நினைவுக்கு வந்தது.

"நாப்பது பேருக்கு மேலன்னா பழைய பதிவெல்லாம் ரத்து. எக்கோ எடுப்பாக. அவளுக்கு ஒழுக்கு இருக்கது டாக்டரே கண்டுபிடிப்பாரு, அறுவைக்கு அனுப்புவாரு. என் கரகரப்பு அதுல தெரியலன்னா, கெட்ட தண்ணிய நிறுத்தினதுல தணிஞ்சிட்டுன்னு நெனைப்பாக. இருக்க கோளாறுக்கு 'சூழல்'னு எழுதுவாக. ஒரு பிள்ளைக்கும் பழி இல்ல."

"இந்த விதி வெளியில யாருக்கும் தெரியாதே."

"அவ வீட்டுக்காரரு சாப்பிடும்போது ஆபீஸ் கதையெல்லாம் சொல்லுவாராம்" என்றார் ஜெபமணி.

நான் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி மேசையில் வைத்தேன். இந்தக் கதவை இனி மாத்திரையால் திறக்க முடியாது, மயக்கம் வரும் அளவுக்குப் போய்விட்டால் வால்வை மாற்றியே ஆகவேண்டும், இப்போது தொடை ரத்தக்குழாய் வழியாகவே மாற்றிவிடுகிறார்கள், இன்றைக்கே என்னோடு மதுரைக்கு வாருங்கள் என்றேன்.

"மதுரைக்குப் போனா மொதல்ல என்ன செய்வாக? பதிவாக. நாப்பத்தி மூணு பேருக்கும் இருக்கது அச்சு அசலா என் நெஞ்சுலயும் இருக்கும். உங்களுக்கு இருக்க காது அங்க ஒருத்தனுக்கு இருந்தாப் போதும். பிள்ளைகளுக்கெல்லாம் புதுப் பதிவு முடியட்டும். பழசு அழிஞ்சதும் மொத பஸ்ஸுக்கு வாரேன்."

"அதுக்கு மூணு வாரம் ஆகும் சிஸ்டர். உங்களுக்கு மூணு வாரம்..."

"அறிக்கைய நீங்கதான எழுதணும், மாப்ள. எப்படி வேணும்னாலும் எழுதுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அங்கே எனக்கு இரண்டு வழி இருந்தது. உண்மையை எழுதினால் இந்த அம்மாள் கைதாவார், ஆனால் கைதானவருக்குச் சிகிச்சை உடனே கிடைக்கும், உயிர் மிஞ்சும். நாற்பத்து மூன்று வீடுகளில் என்ன நடக்கும் என்பதற்கு நானே சாட்சி. பொய்யை எழுதினால் அந்தப் பெண்கள் தப்பிப்பார்கள், என் மனைவியும் தப்பிப்பாள். மூன்று வாரத்தை மட்டும் இவர் தன் நெஞ்சில் தாங்க வேண்டும். என் மனைவி அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் என்ன எழுதியிருப்பேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே பதில்தான்.

ரயிலில் வரும்போது தண்ணீர் ஆய்வு முடிவு போனுக்கு வந்தது. எந்தக் குறையும் கிடைக்கவில்லை. என் அறிக்கையில் அதை 'இன்னும் கிடைக்கவில்லை' என்று எழுதினேன். ஒரே ஒரு சொல்தான் கூட்டியது. 'குடிநீர் வழி வந்த, இனம் தெரியாத பொருள் காரணமாக இருக்கலாம். முன்னெச்சரிக்கையாக மேலத்தெரு ஆழ்துளைக் கிணற்றை மூட வேண்டும். பொதுப் பாதிப்பு விதி பொருந்தும்.' மேடம் படித்துவிட்டு, "உங்க காது என்ன சொல்லுது?" என்று மட்டும் கேட்டார். "தண்ணிதான் மேடம்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

அன்று வீட்டுக்குப் போனபோதும் லிஃப்ட் ஓடவில்லை. செண்பகம் கீழே கடைக்கு வந்திருந்தாள். பையை வாங்கிக்கொண்டேன். இரண்டாவது மாடித் திருப்பத்திலேயே நின்று கைப்பிடியைப் பிடித்தேன்.

"எனக்கு மூச்சு வாங்குது. கொஞ்சம் நிக்கலாம்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். என் மூச்சு சீராக இருந்தது. அவளுடையதுதான் இல்லை.

"என்னன்னு எழுதுனீங்க?"

"தண்ணின்னு."

அவள் படியிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஏழு வருடத்தில் முதல் முறையாக அவள் முதுகில் இடது பக்கம் காதை வைத்தேன். அவள் தள்ளவில்லை. உஸ்ஸென்று காற்று ஊதுவதுபோல் ஒரு சத்தம், அழுகையின் குலுக்கல் வேறு. பொய் சொல்லாத காது என்று பேர் வாங்கியவனுக்கு, சொந்த மனைவியின் இதயம் இப்போதுதான் அறிமுகமாயிற்று. வெட்கமாக இருந்தது. அவள்மேல் கொள்ளை ஆசையாகவும் இருந்தது.

வெள்ளைப்பாறைப்பட்டியில் எக்கோ முகாம் தொடங்கிய இரண்டாம் நாளே செண்பகத்தின் ஒழுக்கு கண்டுபிடிக்கப்பட்டது. டாக்டர் 'சூழல்' என்று எழுதினார். என் அம்மா ஊரிலிருந்து ஓடிவந்து, "எந்தப் பாவி தண்ணியில என்ன கலந்தானோ, பொங்கலுக்குப் போன பொண்ணு" என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். இதே அம்மாதான் ஆம்பூர்ப் பெண்ணைப் பற்றி, 'ஓட்டைக் குடத்தை யாராவது விலைக்கு வாங்குவாங்களா?' என்று கேட்டவர். பங்குனி பதினெட்டாம் தேதி அறுவை என்று முடிவாயிற்று.

நான் தினமும் காலையில் ஜெபமணிக்குப் போன் செய்தேன். "இன்னைக்கு ஆறு பேரு முடிஞ்சிது", "இன்னும் பன்னெண்டு பேருதான்" என்பார். மூச்சு நடுவில் நடுவில் அறுந்து வரும். போதும், கிளம்புங்கள் என்று ஒவ்வொரு நாளும் சொன்னேன். உண்மையைச் சொன்னால், ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னேன்.

பதினேழாம் நாள் காலை, நாற்பத்தோராவது பெண்ணைக் கட்டிலில் படுக்க வைத்து, திரையை இழுத்துவிடப் போனவர் அப்படியே விழுந்தார். ஆம்புலன்ஸ் கோவில்பட்டியைத் தாண்டவில்லை. இறந்த பின் எடுத்த ஸ்கேனில் அயோர்ட்டிக் வால்வு கல்லாக இறுகியிருந்தது. வயது ஐம்பத்தேழு, குடித்தது மேலத்தெருத் தண்ணீர். இறுதி அறிக்கையில் நாற்பத்து நாலாவது நபர் என்று சேர்த்தார்கள். அந்தத் தண்ணீரால் நேர்ந்த ஒரே மரணம் என்று அதில் இருக்கிறது. அந்த வரியை எழுதியவன் நான்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். செண்பகம் அறுவைக்காக ஆஸ்பத்திரியில் இருந்ததால் வர முடியவில்லை. போனில் இருந்த கோப்பை அழிக்க வேண்டாம், பேரை மட்டும் மாற்றுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். பஸ்ஸிலேயே மாற்றினேன். கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் தாங்கவில்லை. முன்வரிசையில் வரிசையாக இளம்பெண்கள். அவர்களை நான் எண்ணவில்லை. மேலத்தெருவைத் தாண்டும்போது பார்த்தேன், ஆழ்துளைக் கிணற்றின் வாயைச் சிமெண்ட் போட்டு அடைத்து, மண்டை ஓடு வரைந்திருந்தார்கள். அதன் பக்கத்தில் பெண்கள் வெயிலில் குடத்தோடு டேங்கர் லாரிக்குக் காத்திருந்தார்கள். தினமும் இரண்டு மணி நேரமாம்.

எல்லாம் முடிந்து, வேலி ஓரம் நான் தனியாக நின்றேன். பேச்சித்தாய் என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"பாழாப்போன தண்ணி, தாயா இருந்த மனுசியக் கொண்டு போயிட்டே சார். நீங்க மட்டும் வந்து கண்டுபிடிக்கலன்னா எங்க பிள்ளைகளும் ஒவ்வொண்ணாப் போயிருக்கும். நல்லா இருப்பீக."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் இடுப்பிலிருந்த செம்பை எடுத்து, டம்ளரில் ஊற்றி நீட்டினார்.

"வெயில்ல நிக்கீக. பயப்படாமக் குடிங்க, டேங்கர் தண்ணிதான்."

வாங்கிக் குடித்தேன். ஒரே உப்பு.